மாப்பிள்ளை வீட்டுக்கு ஆறு வேலி

விதி இதுதான்: ஒரு வழியை உனக்கு எவர் சொன்னாரோ, அந்த வழியை அவருக்கே திருப்பிச் சொல்லாதே.

கணினி வலையமைப்புப் பாடத்தில் இது ஒரே ஒரு வரி. தடித்த புத்தகம் ஒன்றில், அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், இதுவரை யார் வாசித்துக்கொண்டு வரப் போகிறார்கள் என்ற தொனியில் அச்சிட்டிருந்தார்கள். நான் வாசிக்கவில்லை. தொலைத்தொடர்பு இலாகாவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து, சுற்றறிக்கைகளின் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படித்து, மற்றவர்களையும் படிக்க வைத்து ஓய்வு பெற்றவள் நான். (என்னிடம் லீவு கேட்டு வந்தவர்கள், படிவத்தைத் திருத்தி எழுதி முடிப்பதற்குள் லீவுக்கான காரணமே முடிந்துபோனதாகச் சொல்வார்கள். அது உண்மைதான். படிவம் என்றால் அப்படித்தான்.) அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் வாசிக்காமல் விட்ட ஒரே பக்கம் அது. அதற்கான தண்டனையை இலாகா தரவில்லை. அம்மா தந்தார்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி. யாழ்ப்பாணம் முழுவதும் ஊரடங்கு. நல்லூரில் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே என்ன நடந்தது என்பதை வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். நான் படலைக்கு உள்ளே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். றோட்டில் கால் வைக்க முடியாது. மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. (தொலைபேசி வேலை செய்யாததற்கு என்னை யாரும் ஏசாத நாட்கள் என் உத்தியோக காலத்திலேயே அவைதான்.) ஐயா ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்குப் போய் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். வீட்டில் நானும் அம்மாவும்.

ஆனால் எங்கள் ஊரில் றோட்டு இல்லாவிட்டாலும் வேலி இருக்கிறது. வேலி இருந்தால் பொட்டு இருக்கும். பொட்டு என்பது, வேலியில் ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளி. கறிவேப்பிலை கேட்கவும், கிணற்றில் தண்ணீர் அள்ளவும், அடுத்த வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி யார் என்று பார்த்து வரவும் பயன்படுவது. அரசாங்க வரைபடம் எதிலும் இல்லாத போக்குவரத்துப் பாதை. றோட்டு அடங்கிய அன்றே சீனியும் மண்ணெண்ணெயும் மருந்தும் பொட்டு வழியாக ஓடத் தொடங்கிவிட்டன.

ஓடின என்றேன். ஒழுங்காக ஓடின என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டு ரீச்சருக்கு என்று அனுப்பிய இழுப்பு மருந்து இரண்டு நாள் வேறொரு வீட்டின் அம்மிக்கல்லில் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இருபத்தொன்பது வயது. வேலைக்கும் போக முடியாமல் வீட்டில் இருந்தேன். கையில் கொழும்புப் பயிற்சி வகுப்பில் தந்த அந்தத் தடித்த புத்தகமும் இருந்தது.

புத்தகம் சொன்னது இதைத்தான். எங்கள் தொலைபேசி நிலையத்தில் இன்ன ஊருக்கு இன்ன கம்பி என்று ஒருவர் கையால் கட்டி வைப்பார். கம்பி அறுந்தால் அவரே வந்து மாற்றிக் கட்ட வேண்டும். அவர் லீவில் போயிருந்தால் அந்த ஊரும் லீவில் போய்விடும். கணினிகளை இணைப்பவர்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு முறை வைத்திருந்தார்கள். எந்த ஒரு கணினியிடமும் முழு வரைபடம் கிடையாது. ஒவ்வொன்றும் தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் கதைக்கும். ‘என்னிடமிருந்து இன்ன இடம் இத்தனை தாவல்’ என்று குறித்த நேரத்துக்கு ஒருமுறை சொல்லும். கேட்டவர் அதோடு ஒன்றைக் கூட்டித் தன் கணக்கில் வைத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் வழி இருந்தால் எண் குறைந்த பக்கத்தை எடுப்பார். ஒரு வழி அறுந்தால் யாரும் வந்து கட்டத் தேவையில்லை. கதைத்துக் கதைத்தே எல்லாரும் புது வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசித்ததும் எனக்குப் பட்டது: இது எங்கள் ஊருக்காகவே எழுதப்பட்டது. பக்கத்து வீட்டாரிடம் கேட்டதோடு ஒன்றைக் கூட்டி அடுத்த வீட்டாரிடம் சொல்வதை எங்களுக்குப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

கதைக்குத் தேவையான வீடுகளை மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் பரமேசு ரீச்சர். ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அங்கால் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் செல்லத்துரை அண்ணை. அவருக்கு அங்கால் ஒரு மாமரத்து வீடு. ஆக, எங்களிடமிருந்து மாமரத்து வீட்டுக்கு மூன்று வேலி. எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த செபமாலை அக்காவின் குடும்பம் இருந்தது. அவர்கள் பக்கத்தால் பின் ஒழுங்கை வீடுகளைச் சுற்றிக்கொண்டு போனாலும் அதே மாமரத்து வீட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் ஆறு வேலி. மூன்று இருக்க ஆறு யாருக்கு வேண்டும்? அது சும்மா கணக்கில் கிடந்தது.

நடைமுறைகளை வகுத்தேன். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு பனையோலைக் கடகம் தொங்கும். பொதியை அதில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், நின்று கதைக்கக் கூடாது. முகவரிக்கு இலை: எங்கள் வீட்டுக்குப் போகும் பொதியில் வேப்பிலை, ரீச்சருக்கு முருங்கை, மனேச்சருக்குப் பலா, மாமரத்து வீட்டுக்கு மாவிலை. அனுப்பியவர் யார் என்று எழுதத் தேவையில்லை. பொதியைப் பிரிக்கவோ விசாரிக்கவோ கூடாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாரும் பொட்டடியில் வந்து நின்று தங்கள் எண்களைச் சொல்ல வேண்டும். அதைக் கரியால் குசினிச் சுவரில் எழுதி வைத்து, அதன்படி அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால் விரும்பிய பக்கம் அனுப்பலாம். (இந்தக் கடைசிச் சலுகையை நான் ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சலுகை கொடுக்கும் வழக்கம் எனக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.)

ஒரு கிழமை அது மணிக்கூடு மாதிரி ஓடியது. இழுப்பு மருந்து அரை மணித்தியாலத்தில் ரீச்சரிடம் போனது. செபமாலை அக்காவின் கருவாடு மூன்று சைவ வளவுகளின் ஊடாகப் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது என்பது விதி. மூக்கைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. ரீச்சர் மட்டும் கடகத்தைக் கைநீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு நடந்ததை வேலியால் பார்த்தேன். அந்த ஒரு கிழமையும் நான் தலையைச் சற்று நிமிர்த்திக்கொண்டே நடந்தேன். அம்மாவுக்கு நாள்தோறும் விளக்கம் கொடுத்தேன். அம்மா கவனமாகக் கேட்டார். அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க வேண்டாம்.

இனி மாமரத்து வீடு. அதில் இருந்தவர்கள் உடுவிலில் இருந்து ஒரு வருடத்துக்கு முன் குடிவந்தவர்கள். தாயும் மகனும். மகன் திருகோணமலையில் நில அளவைக் கந்தோரில் படவரைஞர். லீவில் வந்தவர் ஊரடங்கில் அகப்பட்டுக்கொண்டார். நான் அவருடைய முதுகை மட்டும் இரண்டு தரம் பார்த்திருந்தேன். நல்ல முதுகு. அந்த இடத்தில் எனக்குக் கலியாணப் பேச்சு ஊரடங்குக்கு முன்னமே தொடங்கியிருந்தது. அதற்கு முன் வந்த பேச்சுகள் எல்லாம் என் சம்பளத்தில் தொடங்கி என் வாயில் முடிந்தவை. இது ஒன்றுதான் நின்றது. ஒரு நாள் அவருடைய தாயார் ரீச்சர் மூலம் சொல்லி அனுப்பினார்.

ரீச்சர் பொட்டுக்குள் தலையை மட்டும் நீட்டி அம்மாவிடம் சொன்னார்: “பிள்ளையின்ரை குறிப்பை இப்பவே அனுப்பட்டாம். ஊரடங்கு எடுத்த உடனை பெடியன் வேலைக்குப் போயிடுவானாம். வேறை ஒரு இடத்தாலையும் கேக்கினமாம். அதையும் சொல்லச் சொன்னவ.”

“அதை ஏன் சொல்லச் சொன்னவ?”

“சொன்னால்தானே நீங்கள் கெதியா அனுப்புவியள்.”

யாழ்ப்பாணம் முழுவதும் ஊரடங்கு எப்போது எடுபடும் என்று ஏங்கிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் இரண்டு நாள் இருந்தால் நல்லது என்று நேர்த்தி வைக்கும் நிலை வந்தது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குறிப்பு என்றால் ஜாதகம். அது போன இடத்தில் தங்கினால் நல்ல செய்தி. பிடிக்கவில்லை என்றால் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். குறிப்புத் திரும்பி வரும். அவ்வளவுதான். அதற்குமேல் விளக்கம் கேட்பது மரியாதைக் குறைவு.

அடுத்த நாள் காலை அம்மா என் குறிப்பை மஞ்சள் துணியில் சுற்றி, மாவிலை கட்டி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, ரீச்சரின் பக்கத்துக் கடகத்தில் வைத்தார். மூன்று வேலி. மத்தியானத்துக்குள் போய்விடும் என்று நான் பொறியியல் ரீதியாக உறுதி கூறினேன்.

எனக்குத் தெரியாதது: முதல் நாள் மாலை, எண்கள் சொல்லி முடிந்த பிறகு, மாமரத்து வீட்டு ஆடு பொட்டுக்குள்ளால் போய்ச் செல்லத்துரை அண்ணையின் வாழைக்கன்றின் குருத்தைத் தின்றுவிட்டது. அண்ணை சங்கக்கடையில் சீனிக்கு வரிசையில் நின்ற ஊரையே அடக்கியவர். பொட்டில் இரண்டு கதியால் தடி இறுக்கி, பனைமட்டை வைத்துக் கட்டி, அந்த வழியையே மூடிவிட்டார்.

மூடியது அவருடைய உரிமை. வழி அறுந்தால் அறுந்தது என்று தெரிந்துகொள்வதற்குத்தானே என் முறை இருக்கிறது. அண்ணையிடம் மாவிலைப் பொதி போய்ச் சேர்ந்தபோது, மாலை எண் சொல்லும்வரை அதைத் தன்னிடமே வைத்திருந்தார். அதுவும் சரி. மாலையில் ரீச்சர் பொட்டடியில் வந்து நின்று, வழக்கம்போலச் சொன்னார்:

“மாமரத்து வீடு, என்னட்டையிருந்து ரெண்டு வேலி.”

ரீச்சருடைய அந்த இரண்டு, அண்ணையின் வழியால் வந்த இரண்டு. அண்ணையே முன்பு ‘ஒன்று’ என்று சொல்லி, ரீச்சர் ஒன்றைக் கூட்டிய இரண்டு. அது அண்ணைக்குத் தெரியாது. தன் பொட்டு மூடியிருந்தாலும் ரீச்சருக்கு வேறு பக்கத்தால் வழி இருக்கிறதாக்கும் என்று நினைத்தார். நேர்மையாக ஒன்றைக் கூட்டி, “அப்ப எனக்கு மூண்டு” என்று சொல்லி, குறிப்பை ரீச்சரின் கடகத்திலேயே வைத்துவிட்டார்.

வாசிக்காமல் விட்ட வரி இதற்குத்தான். ‘இந்த வழியை நீதான் எனக்குச் சொன்னாய், ஆகவே உனக்கு அதைச் சொல்ல மாட்டேன்’ என்று ரீச்சர் வாயை மூடியிருந்தால், அண்ணை ‘வழி இல்லை’ என்று அறிவித்திருப்பார், கதை முடிந்திருக்கும். அந்த வரியை அன்று வாசித்திருந்தாலும் இப்படி ஒரு விதி எதற்கு என்று நினைத்திருப்பேன். சொன்னவரிடமே போய் அவர் சொன்னதை யாராவது சொல்வார்களா? எங்கள் ஊரில் சொல்வார்கள். அதுவும் புதுச் செய்தியாகச் சொல்வார்கள். அதிலும் ஒரு பாடத்தை வருடக்கணக்காகத் திருப்பித் திருப்பிச் சொல்வதையே தொழிலாகச் செய்தவரிடம் ‘ஒருமுறை சொன்னதைச் சொல்லாதே’ என்று எந்தப் புத்தகம் சொல்ல முடியும்?

ரீச்சரின் கணக்கில் இப்போது அண்ணையின் பக்கமும் மூன்று. எங்கள் பக்கமும் மூன்று. ஏனென்றால் ரீச்சரின் இரண்டோடு ஒன்றைக் கூட்டி, நானே ஒவ்வொரு மாலையும் அதே பொட்டடியில் நின்று ரீச்சருக்கு மூன்று என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். விதியை மீறியவர்களில் மூத்தவள் நான்தான். இரண்டு பக்கமும் ஒரே எண். விரும்பிய பக்கம் அனுப்பலாம் என்ற சலுகை இருந்தது. சங்கக்கடைச் சீனி நிறுவையில் அண்ணையோடு ரீச்சருக்கு ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லாத மஞ்சள் துணிப் பொதி ஒன்று, அண்ணையின் பக்கத்திலிருந்து மாமரத்து வீட்டுக்குப் போகிறது. எங்கள் பொதி மத்தியானமே போய்ச் சேர்ந்திருக்கும், இது வேறு, மனேச்சர் வீட்டுப் பெட்டைக்கும் அங்கேதான் பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்தபடி, அதை எங்கள் பக்கக் கடகத்தில் போட்டார்.

அன்று மாலை ரீச்சர் “மாமரத்து வீடு நாலு” என்றார். நான் சுவரில் ஐந்து என்று எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை. வலையமைப்பு தானாகவே கற்றுக்கொள்கிறது என்று மகிழ்ந்தேன்.

காலையில் அம்மா கடகத்தைப் பார்த்தார்.

அம்மா அழவில்லை. பொதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“திருப்பி விட்டிட்டினம்.”

நான் பொதியைப் பார்த்தேன். வாடிய மாவிலை அதில் அப்படியே கட்டியிருந்தது. இலை என்றால் போகவேண்டிய இடம். எங்களுக்கு அனுப்பிய பொதி என்றால் வேப்பிலை இருக்க வேண்டும். இந்த முறையைக் கண்டுபிடித்தவளே நான். பயிலுநர்களிடம், ‘தொடர்பு கிடைக்காவிட்டால் ஆளைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நானே. அன்று காலை எனக்குக் கம்பியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. என் உயரத்தைச் சந்தேகித்தேன். வயதைச் சந்தேகித்தேன். இரண்டு தரம் முதுகைப் பார்த்தபோது அவர் என்னைப் பார்த்திருப்பாரோ என்று யோசித்தேன்.

அந்த நேரத்தில் ரீச்சர் பொட்டுக்குள் தலை நீட்டினார். நின்று கதைக்கக் கூடாது என்ற விதி அவருடைய தலைக்குப் பொருந்தாது.

“மனேச்சர் வீட்டாலையும் அந்த வீட்டுக்கு ஏதோ போகுது. மஞ்சள் துணியிலை. நான் ஒண்டும் சொல்லேல்லை.”

அம்மா எழுந்தார். ஒரு தாள் எடுத்து, ‘குறிப்பு எங்களுக்கும் பொருந்தவில்லை. நீங்கள் வேறு இடம் பார்க்கலாம்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மடித்து மாவிலை கட்டினார்.

“அம்மா, அவசரப்பட வேண்டாம்.”

“அவை எங்களை வேண்டாம் எண்டது அவையின்ரை பக்கத்திலை இருக்கட்டும். நாங்களும் வேண்டாம் எண்டது எங்கடை பக்கத்திலை இருக்க வேணும். நாளைக்குச் சனம் கேட்டால் சொல்லுறதுக்கு.”

கடகத்தில் வைத்துவிட்டு வந்து புட்டு அவித்தார். நான் அந்தப் புட்டையும் சாப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அன்று மாலை எண் சொல்லும் நேரம். ரீச்சர் வந்தார்.

“மாமரத்து வீடு ஆறு.”

கரித்துண்டு என் கையில் நின்றது. இரண்டாக இருந்தது, நாலாகி, இப்போது ஆறு. வீடு நடக்காது.

“ரீச்சர், ஆறு எப்பிடி வந்தது?”

“மனேச்சர் அஞ்சு எண்டார். நீர் நேற்று அஞ்சு எண்டு சொன்னனீர். ஒண்டைக் கூட்டினன். பிழையோ?”

“மனேச்சருக்கு அஞ்சு எப்பிடி?”

“நான் நாலு எண்டு சொன்னனான்.”

அங்கேதான் எனக்கு விளங்கியது. வழி என்று ஒன்று இல்லாமலே, மூன்று வீடுகள் ஒருவரை ஒருவர் நம்பி, ஒருவர் எண்ணோடு ஒருவர் ஒன்றைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அப்படியானால் குறிப்பு மாமரத்து வீட்டைக் காணவே இல்லை. யாரும் எங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம். அந்தத் தாள் இந்த வேலிகளுக்கிடையில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒன்றும் விளங்கியது. எங்கள் எண் ஏழாகும். பின்பக்கத்து வழி ஆறு. ஆறு ஏழைவிடக் குறைவு. இந்த நிமிடத்திலிருந்து என் முறை சரியாக வேலை செய்யத் தொடங்கப் போகிறது.

ஒரு பொறியியலாளர் தன் கண்டுபிடிப்பு பழுதாகவே இருக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்ட கணம் அது.

பொட்டுக்குள் புகுந்தேன். “ரீச்சர், காலமை அம்மா வைச்ச தாள் எங்கை?”

“மாவிலையோ? அதை அப்பவே மனேச்சற்றை பக்கம் விட்டிட்டன். நேற்று உங்கடை பக்கம் விட்டது, இண்டைக்கு அந்தப் பக்கம் விடுவம் எண்டு. அவரும் பாவம், மத்தியானம் ஒரு தேங்காய் தந்தவர்.”

அடுத்த பொட்டு. அதில் என் சட்டை கதியாலில் மாட்டிக் கிழிந்தது. செல்லத்துரை அண்ணை வாழைக்கன்றுக்கு முன்னால், செத்த வீட்டில் இருப்பவர் மாதிரிக் குந்தியிருந்தார்.

“தாளோ, பிள்ளை? இப்பதான் ரீச்சரின்ரை கடகத்துக்குள்ளை வைச்சனான். அவவுக்குத்தானே அந்த வீட்டுக்கு வழி கிடக்கு.”

“அண்ணை, உங்களுக்கு அந்த வீடு அடுத்த வீடெல்லே.”

“அடுத்த வீடுதான். நான் பொட்டை அடைச்சுப்போட்டன். உந்த ஆடு செய்த வேலையைப் பாரும்.” குருத்தைக் காட்டினார். “பொட்டில்லையெண்டால் வழியில்லையெண்டு நீர்தானே சொன்னனீர்.”

அந்தப் பனைமட்டைக்கு அப்பால், கையெட்டும் தூரத்தில், ஒருவர் ஆட்டை மாமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. ஒரு வசனம் போதும்: ‘ஒரு தாள் வரும், அதை நம்ப வேண்டாம்.’ அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அவர் திரும்பினார்.

“அங்காலை நிக்கிறது ஆர்?”

நான் சொன்னேன்: “ஆடு கட்டியாச்சோ?”

“ஓம்,” என்றார்.

“சரி,” என்றேன். சட்டையின் கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். (எனக்கு அறிமுகமில்லாத ஆண் ஒருவரோடு வேலியால் கதைக்கும் நடைமுறை எதையும் நான் வகுத்திருக்கவில்லை.)

மறுபடி ரீச்சர். அவர் கையைத் துடைத்தபடி, “உதை உங்கடை பக்கமெல்லே இப்ப விட்டன். அஞ்சும் அஞ்சும் சரிதானே. மனேச்சருக்கு ஒருக்கால், உங்களுக்கு ஒருக்கால்” என்றார். அன்று மாலை அந்த மூன்று வளவுகளுக்கும் இடையில் தாள் ஓடிய அதே பாதையில், அதே வரிசையில், தாளுக்கு ஒரு வீடு பிந்தி, நானும் ஓடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குசினி. அம்மா சுவருக்கு முன்னால் கரிக்கையோடு நின்றார். முகத்தில் திருப்தி.

“அந்தத் தாள் சுத்திக்கொண்டு இஞ்சை வந்து கிடந்தது. நீ எங்கையோ ஓடிட்டாய். நானே எண்ணைப் பார்த்தன். ரீச்சரின்ரை பக்கம் ஏழு, செபமாலையின்ரை பக்கம் ஆறு. நீ சொன்ன மாதிரிக் குறைஞ்ச பக்கத்தாலை விட்டிட்டன்.”

என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். ஒருமுறை கேட்டு அதை அப்படியே செய்து காட்டிய மாணவி அம்மா ஒருவர்தான்.

பின்பொட்டுக்கு ஓடினேன். செபமாலை அக்கா கிழிந்த வலையொன்றைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அதோ, மோளே? அது போய்ட்டுது. எங்கடை வீட்டிலை ஒண்டும் தங்காது. மீன் மாதிரித்தான், வந்த உடனை கை மாத்திடுவம்.”

விளக்கு வைத்து முடிவதற்குள் தாள் மாமரத்து வீட்டில். ஆறு வேலி. ஒரு தடங்கல் இல்லை. புத்தகத்தில் சொல்லியிருந்தபடியே வலையமைப்பு தன்னைத் தானே சீர்செய்துகொண்டது. செல்லத்துரை அண்ணை கடைசியில் தன் அடுத்த வீட்டுக்கு எட்டு வேலி என்று கணக்குப் பார்த்து, அதைச் சரியென்றும் நம்பினார். உண்மையில் அது சரியும்தான்.

அன்றிரவே அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வாடிய மாவிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவ்வளவு படிச்சனீ, இந்த இலையைக் காலமை பார்க்கேல்லையோ?”

அடுத்த நாள் காலை, ஊரடங்கைச் சில மணித்தியாலங்களுக்குத் தளர்த்தினார்கள். சாமான் வாங்கச் சனம் றோட்டில் ஓடியது. எங்கள் படலையில் யாரோ தட்டினார்கள். மாமரத்து வீட்டு மகன். கையில் உப்பு வாங்க ஓர் ஓலை உமல். மற்றக் கையில் அம்மாவின் தாள். முகத்தை முதன்முறையாக வெளிச்சத்தில் பார்த்தேன். முதுகுக்குக் குறைவில்லை.

“அன்ரி, இது உங்கடை எழுத்தோ?”

“ஓம், தம்பி.”

“குறிப்புப் பொருந்தேல்லை எண்டு கிடக்கு. எந்தக் குறிப்பு?”

“பிள்ளையின்ரைதான். வேறை எது?”

“அது எங்களுக்கு வரேல்லையே. அம்மா இரண்டு நாளாப் பொட்டடியிலை காவல் இருக்கிறா. குறிப்பு வரமுன்னம் பொருந்தேல்லை எண்டு தாள் வருது.” தாளை மடித்தார். “பாக்காமலே பொருந்தேல்லையெண்டால், பாத்தால் பொருந்தும்போலை கிடக்கு. அதுதான் ஒருக்கால் நேரை வாங்கிக்கொண்டு போவம் எண்டு வந்தனான்.”

அம்மா உள்ளே போய் மஞ்சள் துணியை எடுத்து வந்து கையில் கொடுத்தார். றோட்டால். ஒரு வேலியும் இல்லை. அவர் படலையடியில் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஆடு கட்டியாச்சு,” என்றார்.

குறிப்புப் பொருந்தியது. அடுத்த வருடம் கலியாணம். எங்கள் ஊர் வழக்கப்படி அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்றைக்கும் நான் யாரோடாவது தொலைபேசியில் நடைமுறை விளக்கத் தொடங்கினால், உள்ளறையிலிருந்து அந்தக் குரல் வரும்: “ஆடு கட்டியாச்சோ?” பிள்ளைகளும் அதைப் பழகிவிட்டார்கள். அனுப்பிய எதுவும் போகாமல் திரும்பி வந்தால், “எங்களுக்கும் பொருந்தேல்லை எண்டு எழுதி விடுவமோ?” என்பார்கள். இலாகாவில் பிற்காலத்தில் நான் நடத்திய வகுப்புகளில் எல்லாரும் முதலில் படித்தது அந்தக் கடைசிப் பக்கத்து வரியைத்தான். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. மாமியார் அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். குழம்பில் உப்புக் கூடினாலும், பேரனுக்குப் பெயர் வைத்தாலும், “என்னவோ, உங்கடை அம்மா என்னை வேண்டாம் எண்டது எண்டதுதானே. அதுக்கு மாறி ஒரு எழுத்து வரேல்லை” என்பார். நடைமுறைப்படி அது உண்மை. நிராகரிப்பைப் பிறப்பித்தவர் எழுத்தில் வாபஸ் பெறும்வரை அது செல்லுபடியாகும். அதன்படி நான் நிராகரிக்கப்பட்ட ஒரு கலியாணத்தில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் வாபஸ் எழுதித் தரும்படி கேட்டேன். “பேரப்பிள்ளை நடக்குது, இனி என்ன வாபஸ்?” என்றார். நினைவூட்டல் கொடுத்தேன். இரண்டாம் நினைவூட்டல் கொடுத்தேன். அம்மா இலாகாவைவிட மெதுவானவர்.

பிறகு ஒரு நாள் மாமியார் மாமரத்தடியில் நின்று என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு தாளைக் காட்டினார். மாவிலை கட்டியிருந்தது. அம்மாவின் எழுத்து: ‘முந்திய தாளை இரத்துச் செய்துகொள்ளவும். பொருந்தியது.’ அந்தக் கிழமை அம்மாவுக்கும் ரீச்சருக்கும் கிணற்றடியில் ஏதோ பிரச்சினை, அந்தப் பொட்டு அடைபட்டிருந்தது. அம்மா யாரையும் கேட்கவில்லை. செபமாலை அக்கா குருநகருக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தாலும் பின்பொட்டு இருந்தது. அந்தப் பக்கத்தால் விட்டிருக்கிறார்.

ஆறு வேலி தாண்டிப் பதில் வந்து சேர்ந்தது, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு முதல் நாள்.